புரண்டு படுத்த மல்லாட்டை

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க செஞ்சியிலேர்ந்து வடக்கால போற பஸ்ஸுல ஏறி செம்மேட்டுக் குப்பம் ஏரிக்கரையில இறங்கி முதல்ல கண்ணுல படுற ஆளையே கேட்டுக்குங்க, வாயில இருக்கற வெத்தலையைத் துப்பிட்டு அவனே சொல்லுவான்: அந்த வருஷம் ஆடிப் பட்டத்துல நாங்க விதைச்ச மல்லாட்டை முளைக்கவும் இல்ல, செத்தும் போகல, மண்ணுக்குள்ள இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு புரண்டு படுத்துச்சு. டவுன்ல நீங்க அதை நிலக்கடலைன்னுவீங்க, வேர்க்கடலைன்னுவீங்க, எங்களுக்கு அது மல்லாட்டைதான். என் பேரு ரஞ்சிதம். பதினாறு வருஷமா மல்லாட்டை உடைக்கிற செட்டுல இருக்கறவ. எனக்கு வாய் நீளம்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. இருந்துட்டுப் போகட்டும், செட்டுல மத்தவளுங்க யாரும் இதைச் சொல்ல வாயைத் தொறக்க மாட்டாளுங்க, அதனால நான்தான் சொல்லியாகணும்.

விதைக்கிற மல்லாட்டையை மிஷின்ல உடைக்கக் கூடாது, அது முதல்ல தெரிஞ்சுக்குங்க. மிஷின்ல போட்டா பருப்போட செவப்புத் தோல் உரிஞ்சிடும், மூக்கு உடைஞ்சிடும், அந்த மூக்குலதான் முளையே இருக்கு. அதனால விதைப் பருப்பை பொம்பளைங்க கையாலதான் உடைக்கணும். எங்க ஊர் நாப்பது கொல்லைக்கும், புஞ்சை நிலத்தைத்தான் நாங்க கொல்லைங்கறது, உடைச்சுக் குடுக்கறது நாங்க எட்டு பேரு, எங்களுக்கு மேஸ்திரி பூங்காவனத்தக்கா. கார்த்திகையில அறுத்துக் காயவச்ச காய், எட்டு மாசம் மூட்டையில கிடந்து கல்லாட்டம் இருக்கும், நாலு படி உடைக்கறதுக்குள்ள கட்டை விரல் ரெண்டா பொளந்துக்கும், பொளந்த விரலோட வீட்டுக்குப் போய் மொளகாய் அரைச்சுப் பாருங்க தெரியும். அதனால கொல்லைக்காரங்க அந்தாண்ட போனதும் காய் மேல ரெண்டு கை தண்ணி தெளிச்சு சாக்கைப் போட்டு மூடிடுவோம், கொஞ்ச நேரத்துல ஓடு பதமா விட்டுக்குடுக்கும், உடைச்ச பருப்பை வெயில்ல பரப்பிக் காயவச்சு மூட்டை கட்டிடுவோம். வருஷா வருஷம் பண்றதுதான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.

இப்ப பூங்காவனத்தக்காவைப் பத்திச் சொல்லணும். இருபத்தேழு வயசுல புருஷனை மின்னல் அடிச்சுப் பறிகுடுத்தவ. பிள்ளை குட்டி கிடையாது. அவளை ஒரு கல்யாணத்துல முன்னால நிக்க விடமாட்டாங்க, ஒரு வளைகாப்புல வளையல் போட விடமாட்டாங்க, ஊருக்குக் கிளம்பறவன் அவ எதிர்ல வந்தா திரும்பிப் போய் தண்ணி குடிச்சுட்டு வருவான். ஆனா விதைப்புன்னு வந்துட்டா அவ கை இல்லாம எங்க ஊர்ல ஒருத்தனும் ஏர் கட்ட மாட்டான். என்னைக்கோ ஒரு பஞ்சத்துல அவ முதல் கை போட்ட கொல்லை மட்டும் முளைச்சுது, மத்தது எல்லாம் பொய்ச்சுப் போச்சு, அதுலேர்ந்து அவளுக்குக் கைராசின்னு ஆயிடுச்சு. கொல்லையை டிராக்டர்ல உழுதாலும் முதல் சால் மாட்டு ஏர்லதான், அந்தச் சாலுல முதல் பருப்பு அவ கையாலதான் விழணும். ஆடி பொறந்தா தட்டுல வெத்தலை பாக்கு வச்சு அவ குடிசை வாசல்ல வந்து நிப்பாங்க, நாட்டாமை கோதண்டமே வந்து நிப்பாரு, அவ தலைக்கு எண்ணெய் வச்சு இருக்கறதுலயே நல்ல சேலையைக் கட்டிக்கினு முன்னால நடப்பா, ஊர் ஆம்பளைங்க அவ பின்னால நடப்பாங்க. வருஷத்துல அந்தப் பதிமூணு பதினாலு நாள்தான் அவ மனுஷியா நடந்தது.

அந்த வருஷம் மழை முந்திக்கிச்சு. ஆனி கடைசியிலயே நாலு மழை பெய்ஞ்சு மண்ணு பதமாயிடுச்சு, நாப்பது கொல்லைக்காரங்களும் ஒரே நேரத்துல எங்க தலையில வந்து விழுந்தாங்க, எனக்கு உடை எனக்கு உடைன்னு சண்டை. ரெண்டு கை தண்ணி தெளிக்கறதெல்லாம் அன்னைக்கு எந்த மூலைக்கு. நான்தான் குடத்தைத் தூக்கினேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல, முதல் குடம் நான்தான் ஊத்தினேன். பின்னாலயே மத்தவளுங்க ஊத்தினாளுங்க. தார்ப்பாய் போட்டு மூடி விடியற வரைக்கும் ஊறவச்சோம். "அளவா ஊத்துங்கடி, காயவைக்க வெயில் இல்ல"ன்னு பூங்காவனத்தக்கா ஒரு பேச்சுக்குச் சொன்னா. "வெயில் வர்ற வரைக்கும் மழை காத்திருக்குமா அக்கா"ன்னு நான் கேட்டேன். அவ கட்டை விரலைப் பாத்துக்கினா, அப்புறம் அவளும் ஒரு குடம் ஊத்தினா.

ஈரப் பருப்பு மூட்டைக்குப் போச்சு. போனதும் விதைச்சிருந்தாக்கூட பொழைச்சிருக்கும். மல்லாட்டை மண்ணுக்குக் கீழ காய்க்கறது, அதனால பஞ்சாங்கத்துல கீழ்நோக்கு நாள்னு போட்டிருக்கற அன்னைக்குத்தான் விதைப்போம். அதுலயும் பூங்காவனத்தக்கா கை ஒண்ணுதான், ஒரு நாளைக்கு மூணு கொல்லைக்கு மேல அவளால போய் நிக்க முடியாது. அவ கைக்காக மூட்டைங்க வரிசையில காத்திருந்துச்சு. ஒன்பது நாள் காத்திருந்த மூட்டையும் உண்டு, பதினாலு நாள் காத்திருந்த மூட்டையும் உண்டு. திறந்தப்ப குப்புனு ஒரு ஊசின வாடை அடிச்சுது, பருப்பு மேல மஞ்சளும் பச்சையுமா மாவு மாதிரி பூத்திருந்துச்சு. நாட்டாமை கோதண்டம் ஒரு பருப்பை எடுத்துத் துண்டால துடைச்சுப் பாத்துட்டு, "மஞ்சப் பூசிக்கினு வந்திருக்கா மகாலட்சுமி, நல்ல சகுனம்"னு சொன்னாரு. நாட்டாமை சொன்னா சகுனம்தான், வேற யாரு பேசறது.

அஞ்சாம் நாள் கோதண்டத்தோட மேட்டுக் கொல்லையிலேர்ந்துதான் சத்தம் கிளம்பிச்சு. பட்டப்பகல்ல, காத்து கூட இல்லாத நேரத்துல, பாயில படுத்தவன் தூக்கம் வராம உருளற மாதிரி ஒரு சரசரப்பு, சால் சாலா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருது. கோதண்டம் குந்தி மண்ணைக் கிளறி ஒரு பருப்பை எடுத்து உள்ளங்கையில வச்சாரு. அது இடப்பக்கம் திரும்பிப் படுத்துச்சு. கொஞ்சம் பொறுத்து வலப்பக்கம் திரும்பிப் படுத்துச்சு. அப்புறம் குப்புறப் படுத்துச்சு. அவரு அதைச் சட்டைப் பையில போட்டுக்கினு டீக்கடைக்கு வந்து டீ சொல்லிட்டு உக்காந்தாரு, டீ குடிக்கிற வரைக்கும் பைக்குள்ள அது புரண்டுக்கினே இருந்துச்சு. "மல்லாட்டை புரளுதுப்பா"ன்னாரு. டீக்கடைக்காரரு சர்க்கரையைக் கலக்கிக்கினே, "உங்களுக்கும் அப்படித்தானா, நம்ம கொல்லையிலயும் காலைலேர்ந்து அதே பாடுதான்"னாரு.

அவ்வளவுதான், யாரும் மயக்கம் போட்டு விழல. முளைச்சா முளைச்சுதுன்னு சொல்லலாம், அழுகினா அழுகிச்சுன்னு சொல்லலாம், இது ரெண்டுங்கெட்டானா கிடந்து புரண்டா என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல, தெரியலன்னா மனுஷன் என்ன பண்ணுவான், தெரிஞ்ச மாதிரி ஆளாளுக்கு ஒண்ணு பண்ணுவான். ஒருத்தன் மண்ணு லேசா இருக்குன்னு பரம்பு ஓட்டி அழுத்தினான், ஒருத்தன் மண்ணு இறுகிடுச்சுன்னு கொத்தி விட்டான், ஒருத்தன் சூடுன்னு தண்ணி விட்டான், ஒருத்தன் குளிர்ச்சின்னு தண்ணியை நிறுத்தினான், பொம்பளைங்க சாலுக்குச் சால் குந்திக்கினு தாலாட்டு கூடப் பாடிப் பாத்தாங்க, பாட்டு நின்ன உடனே அது மறுபடி ஆரம்பிச்சுடும். ஆடுங்க கொல்லையில கால் வைக்க மாட்டேன்னு வரப்புலயே நின்னுச்சுங்க, கால் வச்சா குளம்புக்குக் கீழ கிச்சுகிச்சு மூட்டற மாதிரி இருக்கும் போல. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பிள்ளைங்களை இட்டாந்து ஒரு பருப்பு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை புரளுதுன்னு எண்ணச் சொன்னாரு. பெண் பாக்க வந்த வெளியூர்க்காரங்க சத்தம் என்னன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல, விதை"ன்னு சொல்லி ரெண்டாம் தடவை காப்பி குடுத்தாங்க. பத்து நாளுக்குள்ள ஊரே அதுக்குப் பழகிடுச்சு, பழகிடுச்சுன்னு பேருதான், ஒருத்தராலயும் ஒரு இடத்துல நிலையா உக்கார முடியல, சோத்தை பாதியில விட்டு எழுந்திருப்பாங்க, கதவைத் திறப்பாங்க, எதுக்குத் திறந்தோம்னு தெரியாம மூடுவாங்க, பேசிக்கினே இருக்கறவங்க காலை மாத்தி மாத்தி மடக்கிக்கினே இருப்பாங்க. எனக்கு மட்டும் அது வேற மாதிரி கேட்டுச்சு. எனக்கு அந்தச் சத்தத்துல குடத்துலேர்ந்து தண்ணி கொட்டற சத்தம் கேட்டுச்சு.

நூத்துல ஒரு அஞ்சு மட்டும் எப்படியோ மண்ணைப் பொளந்துக்கினு வெளிய வந்துச்சு. வராம இருந்திருக்கலாம். இலை பச்சையே இல்லாம வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, தண்டு வளைஞ்சு தலையைத் தூக்க முடியாம கிடந்துச்சு, பிடுங்கிப் பாத்தா மொட்டை வேர், பக்கத்துல ஒரு நூல் வேர் கூடக் கிடையாது. கோதண்டத்தோட சம்சாரம் அதைப் பாத்துட்டு வரப்புல உக்காந்து அழுதா. மாசமா இருக்கற மருமகளை வீட்டுல வச்சிருக்கறவ, வெளுத்துப் போன பிள்ளையாட்டம் இருக்கற அந்தச் செடியைப் பாத்து அவளால தாங்க முடியல.

வேளாண்மை ஆபீஸுலேர்ந்து நூர்ஜகான் மேடம் வந்தாங்க. சின்ன வயசு, ஸ்கூட்டர்ல வந்தாங்க, கொல்லையில செருப்பைக் கழட்டிட்டு இறங்கினாங்க, அதுவே எனக்குப் பிடிச்சுப் போச்சு. பத்து இடத்துல தோண்டினாங்க, புரளற பருப்பைப் பேப்பர்ல வச்சு லென்ஸால பாத்தாங்க, ஒரு பாரத்தை எடுத்து முளைப்புச் சதவீதம்னு போட்டிருந்த கட்டத்துல அஞ்சுன்னு எழுதினாங்க, மிச்சம் தொண்ணூத்தஞ்சை எங்க எழுதறதுன்னு யோசிச்சு, 'இதர'ன்னு இருந்த இடத்துல 'புரளுகின்றன'ன்னு எழுதினாங்க.

"இது பூஞ்சாணம் பண்ற வேலை"ன்னாங்க. "இந்த மஞ்சப்பச்சை மாவு இருக்குது பாருங்க, இது உள்ள ஒரு விஷத்தை விடும். முளைக்கரு உடனே சாகாது. ஆனா வேரை விடுன்னு உள்ளேர்ந்து விதைக்கு ஒரு உத்தரவு வரும் இல்லையா, அதை வரவிடாம பண்ணிடும். தப்பிச்சு வெளிய வர்றதுக்கும் இலை பச்சை பிடிக்காது."

"சரி மேடம், புரளறது எதுக்கு?"ன்னு கோதண்டம் கேட்டாரு.

"முளைக்கவும் முடியல, சாகவும் முடியல. வேற என்ன பண்ணும் அது?"ன்னாங்க. கேட்டதும் எல்லாருக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. அப்புறம், "காயை எங்கயாவது நனைச்சீங்களா? ஈரம் படாம இந்த அளவுக்குப் பிடிக்காதே"ன்னாங்க.

"எட்டு மாசம் காய்ஞ்ச காய் மேடம், சொட்டுத் தண்ணி பட்டதில்ல"ன்னு கோதண்டம் சொன்னாரு.

அந்தம்மா விடல. கிளம்பறதுக்கு முன்னால கைகால் கழுவ குழாயடிக்கு வந்தாங்க, நாங்க எட்டு பேரும் அங்கதான் நின்னுக்கினு இருந்தோம். "நீங்கதானே உடைச்சது? நனைச்சிருந்தா சொல்லிடுங்கம்மா, நான் யார்கிட்டயும் போட்டுக் குடுக்க மாட்டேன். மண்ணுல இருக்கற நோயா இருந்தா பயிரோட போச்சு. மூட்டையிலயே பிடிச்சதா இருந்தா மிச்சமிருக்கற பருப்புலயும் அந்த விஷம் இருக்கும். கழுவினாலும் போகாது, அவிச்சாலும் போகாது. தின்னா ஈரலைக் கெடுக்கும். பிள்ளைங்களும் மாசமா இருக்கறவங்களும் வாயிலயே வைக்கக் கூடாது"ன்னாங்க. பூங்காவனத்தக்கா உதட்டைப் பிரிச்சா. நான் அவ காலை மிதிச்சேன். மிதிச்சுக்கினே, "இல்லைங்க மேடம், நாங்க எதுக்கு நனைக்கப் போறோம்"னு சொன்னேன். அப்படின்னா மண்ணுலதான் இருக்கணும்னு அந்தம்மா சொல்லிட்டு, ஆய்வுக்குக் கொஞ்சம் பருப்பை எடுத்துக்கினு, முடிவு வர ஒரு மாசம் ஆகும், மிச்சத்தை விதைக்காதீங்கன்னு கோதண்டத்துகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ஸ்கூட்டர் சத்தம் மறைஞ்சதும் பூங்காவனத்தக்கா என்னைப் பாத்துக் கேட்டா: "ஏன்டி மிதிச்ச?"

"உனக்காகத்தான்"னேன். "தண்ணி ஊத்தின மேஸ்திரின்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் உன் வாசலுக்குத் தட்டு வருமா? யோசிச்சுப் பாரு."

அவ குழாயைத் திறந்து மிதிபட்ட காலைக் கழுவினா. அந்தப் பேச்சு அவளை எங்க தைக்கும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சொன்னேன். அவளுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனான்னு கேட்டீங்கன்னா, எனக்காகத்தான் சொன்னேன்.

இருபத்தாறு கொல்லையில விதைச்சாச்சு, பதினாலு கொல்லையோட விதை மூட்டையிலயே கிடந்துச்சு. மூட்டைக்குள்ளயும் புரளுது, சாக்கு ராத்திரி பகலா நெளியுது, வீட்டுல வச்சிருக்கறவங்க பாவம், எதிர்ல உக்காந்து சாப்பிட முடியல. கோதண்டம் ஊரைக் கூட்டினாரு. விதைக்காதீங்கன்னுதானே மேடம் சொல்லிட்டுப் போனாங்க, திங்காதீங்கன்னு சொல்லலியே, ஆடி கடைசி வெள்ளிக்கிழமை பச்சையம்மன் கோயில்ல கூழ் ஊத்தும்போது மொத்தத்தையும் அவிச்சு அம்மனுக்குப் படைச்சு ஊருக்கே குடுத்துடலாம், மண்ணுல அடங்காதது ஜனங்க வயித்துல அடங்கட்டும்னாரு. முதல் கரண்டி வழக்கம்போல மாசமா இருக்கறவங்களுக்கு, அடுத்தது பிள்ளைங்களுக்குன்னாரு. நல்ல யோசனைன்னு எல்லாரும் தலையாட்டினாங்க. நாங்களும் ஆட்டினோம்.

அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என் மகள் கலைவாணிகிட்ட, அவளுக்கு அப்ப கைக்குழந்தை, "கோயில்ல குடுக்கறதை வாங்காத, வயிறு சரியில்லன்னு சொல்லிடு, காரணம் கேக்காத"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. என் வீட்டை மட்டும் காப்பாத்திக்கினேன். மத்தவளுங்க என்ன பண்ணாளுங்கன்னு எனக்கு அப்பத் தெரியாது, ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கவும் இல்ல.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கோயில் முன்னால வேப்பமரத்தடியில ரெண்டு பெரிய அண்டா, ஒண்ணுல கூழு, ஒண்ணுல மல்லாட்டை. மல்லாட்டை தண்ணிக்குள்ள புரளுது, தண்ணி கொதிச்சு புரளுதா தூக்கம் வராம புரளுதான்னு யாராலயும் சொல்ல முடியல, வாசனை மட்டும் நல்லா இருந்துச்சு, ஊசின வாடையெல்லாம் உப்புலயும் மஞ்சள்லயும் காணாம போயிருந்துச்சு. மாசமா இருக்கறவங்க மூணு பேரு முன்னால நின்னாங்க, கோதண்டத்தோட மருமக முதல்ல. அதுக்குப் பின்னால பிள்ளைங்க வரிசை, ஒண்ணு முதுகை ஒண்ணு இடிச்சுக்கினு தட்டைத் தட்டிக்கினு நின்னுச்சுங்க. பூங்காவனத்தக்கா கூட்டத்துக்கு வெளிய, வழக்கமா அவ நிக்கற இடத்துல நின்னு அந்த வரிசையைப் பாத்துக்கினு இருந்தா. ரொம்ப நேரம் பாத்தா. அந்த வரிசையில எங்க வீட்டுப் பிள்ளைங்க ஒண்ணு கூட இல்ல. செட்டுல பிள்ளை இருக்கற ஏழு பேருல ஒருத்தி வீட்டுப் பிள்ளைக்கு வயித்து வலி, ஒருத்தி வீட்டுப் பிள்ளை பாட்டன் ஊருக்குப் போயிருக்குது, ஒருத்தி வீட்டுல காய்ச்சல். ஏழு பேரும் அவங்க அவங்க வாசலைச் சாத்திக்கினு வந்திருந்தோம். பூங்காவனத்தக்காவுக்கு வாசலைச் சாத்தி உள்ள வைக்கப் பிள்ளை கிடையாது.

கரண்டி அண்டாவுக்குள்ள போறப்ப பூங்காவனத்தக்கா நடந்து வந்தா. ஓடல, கத்தல. குந்தி அண்டாவுக்கு அடியிலேர்ந்து எரியற கட்டையை ஒவ்வொண்ணா வெளிய இழுத்துப் போட்டா. "என்னா பண்ற நீ"ன்னு கோதண்டம் கேட்டாரு.

"இதை யாரும் திங்காதீங்க"ன்னா. "காய்ல தண்ணி ஊத்தினோம். குடம் குடமா ஊத்தி மூடி வச்சோம். ஈரத்தோட மூட்டை கட்டினோம். அந்த மேடம் கேட்டாங்க, பொய் சொல்லிட்டோம். இது மண்ணு நோய் இல்ல. இதுல விஷம் இருக்கு."

கரண்டி பிடிச்சவன் கரண்டியை அப்படியே வச்சுட்டான். கோதண்டம் தன் மருமக கையிலேர்ந்து தட்டைப் பிடுங்கினாரு. பிடுங்கிட்டு, "ஊத்தினோம்னா யாரு யாரு?"ன்னு கேட்டாரு.

அவ எங்களைப் பாத்தா. ஒவ்வொருத்தியா பாத்துக்கினு வந்தா. என்கிட்ட வந்தப்ப நான் வேப்பமரத்தைப் பாத்தேன். சத்தியமா சொல்றேன், அப்ப என் தொண்டையில 'நான்'ங்கற பேச்சு வந்து நின்னுச்சு, வெளிய வரல, உள்ளயும் போகல, அங்கயே கிடந்து புரண்டுச்சு.

"வேற யாருமில்ல. மேஸ்திரி நான், நான்தான் ஊத்தினேன். நான் ஊறவச்சுக் குடுத்ததை இவளுங்க உடைச்சாளுங்க, அவ்வளவுதான்"னா.

அப்புறம் பின்னாலேர்ந்து ஒரு பொம்பளைக் குரல், "தாலி அறுத்தவ கையை நம்பி அவளை முன்னால விட்டு ஊரே நடந்தோம் பாரு, நமக்கு வேணும்"னு சொல்லிச்சு. யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன், அவளும் எங்க செட்டுதான். பூங்காவனத்தக்கா கையில ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிட்டு எழுந்து போனா. பிள்ளைங்கதான் பசியில அழுதுச்சுங்க, அதுங்களுக்குக் கூழை மட்டும் ஊத்தினோம்.

நூர்ஜகான் மேடத்தைப் போன் பண்ணி வரவழைச்சாங்க. அவங்க யாரையும் திட்டல, திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அண்டாவுல இருந்ததையும் மூட்டையையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னாங்க, விதைச்ச கொல்லையை உழுது பருப்பைப் பொறுக்கி வெயில்ல போட்டு அடங்கினதும் எரிக்கச் சொன்னாங்க. இருபத்தாறு கொல்லையையும் உழுதோம். ஊரே குந்திக்கினு பொறுக்கிச்சு. களத்துல பரப்பினோம். உண்மையைச் சொல்லிட்டா அதுங்க அடங்கிடும்னு நான் நினைச்சேன், கதையில அப்படித்தானே வரும், அதெல்லாம் ஒண்ணும் அடங்கல. மூணு நாள் அந்த வெயில்ல புரண்டுச்சு. மொத நாள் களமே ஏரி அலையடிக்கற மாதிரி இருந்துச்சு, ரெண்டாம் நாள் அங்கங்க, மூணாம் நாள் ஒண்ணு ரெண்டு. ஒரு பருப்பு கடைசியா இடப்பக்கம் பாதி திரும்பி அப்படியே நின்னுடுச்சு. ஊர்ல சத்தமே இல்லாம போச்சு. இத்தனை நாள் அந்தச் சத்தம் எப்ப நிக்கும்னு கிடந்தவங்க, நின்னதும் களத்தைச் சுத்தி நின்னுக்கினு கண்ணைத் துடைச்சாங்க, ஏன்னா புரளுற வரைக்கும் முளைக்கும்னு ஒரு நப்பாசை எல்லாருக்கும் இருந்துச்சு. நானும் அழுதேன்.

ஆவணி கடைசியில மேடம் புது விதை வாங்கிக் குடுத்தாங்க. காய்ஞ்ச விதை, மேல ஏதோ மருந்துப் பொடி பிசறினது, ஈரச் சாக்குல நூறு பருப்பை வச்சு மடிச்சு நாலு நாள் கழிச்சு எங்க எதிர்லயே எண்ணிக் காட்டினாங்க, தொண்ணூத்திரண்டு முளைச்சிருந்துச்சு. பட்டம் தப்பிப் போச்சு, ஆனாலும் விதைக்கலாம்னாங்க. அப்பதான் முதல் கை யாருதுன்னு கேள்வி வந்துச்சு.

மறுநாள் காலையில கோதண்டம் தட்டுல வெத்தலை பாக்கோட என் வாசல்ல நிக்கறாரு. "நீதான் வந்து போடணும் ரஞ்சிதம்"னாரு. "பூங்காவனத்தக்கா இருக்கும்போது நான் எதுக்குண்ணா"ன்னேன். "அந்தப் பேச்சை விடு"ன்னாரு. விட்டேன். பொய் எதுக்குச் சொல்றது, எனக்கு ஆசையா இருந்துச்சு. பதினாறு வருஷமா அவ முன்னால நடக்கறதைப் பின்னாலேர்ந்து பாத்தவ நான். தலைக்கு எண்ணெய் வச்சேன், கலைவாணியோட கல்யாணச் சேலையைக் கேட்டு வாங்கிக் கட்டினேன், பூங்காவனத்தக்கா குடிசை வழியா போகாம ஏரிக்கரையைச் சுத்திக்கினு போனேன்.

மேட்டுக் கொல்லையில மாட்டை ஏர்ல பூட்டி நிறுத்தியிருந்தாங்க, ஊரே வரப்புல நின்னுச்சு. கோதண்டம் என் மடியில விதையைப் போட்டாரு. ஒரு கை அள்ளினேன். அதுக்கு மேல கை போகல. அன்னைக்கு வேப்பமரத்தடியில நின்னுபோன பேச்சு அப்பதான் தானா வெளிய வந்துச்சு. "நானும்தான் ஊத்தினேன்"னு சொன்னேன். "அவ மட்டும் இல்ல. எட்டு பேரும் ஊத்தினோம். ஆரம்பிச்சு வச்சதே நான்தான்." வரப்புல நின்ன எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமாத்தான் சொன்னேன், செட்டுக்காரிங்க மூஞ்சி வெளுத்துப் போச்சு. இப்ப கையைப் பிடிச்சு வெளிய இழுப்பாங்க, இப்ப திட்டுவாங்கன்னு கண்ணை மூடிக்கினேன்.

யாரும் இழுக்கல. கோதண்டம் மாட்டோட கழுத்துக் கயித்தைச் சரி பண்ணிக்கினே, என் மூஞ்சியைப் பாக்காம, தணிவா சொன்னாரு: "தெரியும். ஊருக்கே தெரியும். ஒருத்தி எத்தனை குடம் ஊத்திட முடியும்? எட்டு பேரையும் ஒதுக்கி வச்சா அடுத்த வருஷம் விதைக்கு யாரு உடைக்கிறது? ஒருத்தி போதும். போடு, நேரம் ஆவுது."

போட்டேன். ஏழாம் நாள் சால் பிடிச்சு முளைச்சு இலையெல்லாம் பச்சைப்பசேல்னு நின்னுச்சு. ரஞ்சிதத்துக்கு நல்ல கைராசின்னு ஊர்ல பேசிக்கறாங்க. இந்த வருஷமும் தட்டு என் வாசலுக்குத்தான் வந்துச்சு, போனேன்.